தானியங்கித் தானுந்துகளின் பாதுகாப்பும் நம்பகத்தன்மையும்

தானியங்கித் தானுந்து என்பது மனித ஓட்டுநரின் துணை இல்லாமலோ, குறைந்த துணையுடனோ, உணரிகளையும் கணினியையும் கொண்டு தானே சாலையில் ஓடும் தானுந்து ஆகும். பேச்சு வழக்கில் இது தானியங்கிக் கார், ஓட்டுநர் இல்லாக் கார் என்றும் வழங்கப்படுகிறது. இத்தகைய வண்டிகள் பொதுச் சாலைகளில் மனிதர் ஓட்டும் வண்டிகளுடனும், மிதிவண்டிகளுடனும், நடந்து செல்வோருடனும் கலந்து ஓடும்போது எந்த அளவுக்குத் தீங்கின்றி ஓடுகின்றன, எந்த அளவுக்கு இடையறாமல் சரியாகச் செயற்படுகின்றன என்பது பற்றியது இக்கட்டுரை.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021 ஆம் ஆண்டில் சாலை விபத்துக்களில் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர் உயிரிழந்தனர். இந்த இழப்பைக் குறைக்க இயலும் என்பதே தானியங்கித் தானுந்துகளுக்கு ஆதரவாக முன்வைக்கப்படும் முதன்மை வாதம் ஆகும். மறுபுறம், ஆய்வுக்கூடத்திற்குள் நடைபெறும் சோதனையைப் போலன்றி, பொதுச் சாலையில் நடைபெறும் சோதனையில் அதற்கு ஒப்புதல் தராத வழிப்போக்கர்களும் பங்கேற்பாளர்களாகி விடுகின்றனர். எனவே இவ்வண்டிகள் எவ்வளவு பாதுகாப்பானவை என்ற வினாவுடன், அதை யார், எந்தச் சான்றுகளைக் கொண்டு, எவ்வாறு சரிபார்ப்பது என்ற வினாவும் சேர்ந்தே எழுகிறது.

பாதுகாப்பும் நம்பகத்தன்மையும்

இவ்விரு சொற்களும் ஒரே பொருளில் பயன்படுத்தப்படுவது உண்டு. ஆனால் பொறியியலில் இவை வெவ்வேறானவை.

* நம்பகத்தன்மை என்பது ஓர் அமைப்பு, குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலத்திற்கு, தனக்கு விதிக்கப்பட்டவாறு பழுதின்றிச் செயற்படுவதற்கான நிகழ்தகவு ஆகும்.
* பாதுகாப்பு என்பது அந்த அமைப்பால் ஏற்கத்தகாத தீங்கு நேராதிருத்தல் ஆகும்.

நம்பகத்தன்மை குறைந்த வண்டி பாதுகாப்பானதாக இருக்கக்கூடும். சிறு ஐயம் எழுந்தாலும் ஓரமாக நின்றுவிடும் வண்டி பயணத்திற்கு உதவாது. ஆனால் பெரும்பாலும் எவரையும் காயப்படுத்தாது. இதற்கு மாறாக, ஒவ்வோர் உறுப்பும் விதித்தவாறே பழுதின்றி இயங்கியும் வண்டி ஒருவர் மீது மோதக்கூடும். விதித்தவரின் கற்பனைக்கு எட்டாத சூழல் சாலையில் எதிர்ப்படும்போது இவ்வாறு நேர்கிறது.

பொறியியல் சீர்தரங்களும் இந்த வேறுபாட்டை ஏற்கின்றன. 2011 இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 26262 என்னும் சீர்தரம் மின்னணு உறுப்புக்களின் பழுதினால் எழும் இடர்களைக் கையாள்கிறது. 2022 இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 21448 என்னும் சீர்தரம், பழுது ஏதும் இல்லாத நிலையிலும் உணரிகள், மென்பொருள் ஆகியவற்றின் போதாமையால் எழும் இடர்களைக் கையாள்கிறது. கீழே விளக்கப்படும் விபத்துக்கள் பலவும் இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

தானியக்கப் படிநிலைகள்

எஸ்.ஏ.இ. இன்டர்நேஷனல் என்னும் பொறியாளர் அமைப்பு 2014 இல் வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய ஜே3016 என்னும் ஆவணம் தானியக்கத்தை ஆறு படிநிலைகளாகப் பிரிக்கிறது.

* படிநிலை 0: தானியக்கம் இல்லை. எச்சரிக்கை, நொடிநேரத் தடுப்பு போன்ற உதவிகள் மட்டும் இருக்கலாம்.
* படிநிலை 1: திசைதிருப்பல் அல்லது வேகக் கட்டுப்பாடு ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் வண்டி செய்யும்.
* படிநிலை 2: இரண்டையும் வண்டி செய்யும். ஆனால் ஓட்டுநர் இடைவிடாமல் சாலையைக் கண்காணிக்க வேண்டும்.
* படிநிலை 3: வரையறுத்த சூழலில் வண்டியே முழுமையாக ஓட்டும். அது கேட்கும்போது ஓட்டுநர் பொறுப்பை ஏற்க வேண்டும்.
* படிநிலை 4: வரையறுத்த சூழலில் வண்டியே ஓட்டும். இடர் நேர்ந்தால் மனிதத் துணையின்றித் தானே பாதுகாப்பான நிலைக்குச் செல்லும்.
* படிநிலை 5: மனிதர் ஓட்டக்கூடிய எந்தச் சூழலிலும் வண்டியே ஓட்டும். இத்தகைய வண்டி இன்னும் உருவாக்கப்படவில்லை.

இரண்டாம் படிநிலைக்கும் மூன்றாம் படிநிலைக்கும் இடையில் உள்ள எல்லையே மிக முதன்மையானது. அதற்குக் கீழே ஓட்டுபவர் மனிதர், இயந்திரம் உதவியாளர். அதற்கு மேலே ஓட்டுவது இயந்திரம். டெஸ்லா நிறுவனத்தின் ஆட்டோபைலட் இரண்டாம் படிநிலையைச் சார்ந்தது. கூகிள் நிறுவனத்தில் தோன்றிய வேமோவின் ஓட்டுநர் இல்லா வாடகை வண்டிகள் நான்காம் படிநிலையைச் சார்ந்தவை. இவ்விரு வகைகளின் விபத்து எண்ணிக்கைகளை ஒரே பட்டியலில் சேர்த்து ஒப்பிடுவது தவறான முடிவுகளுக்கு இட்டுச் செல்லும்.

செயற்படும் முறை

தானியங்கித் தானுந்தின் கணினி ஒவ்வொரு வினாடியும் பலமுறை ஐந்து பணிகளைச் செய்கிறது. அவையாவன: சுற்றுப்புறத்தை உணர்தல், உணர்ந்த பொருள்களை இனங்காணல், அவை அடுத்து எங்கே செல்லும் என முன்கணித்தல், தன் பாதையைத் திட்டமிடல், திசைதிருப்பியையும் தடுப்பையும் இயக்குதல்.

உணர்தலுக்கு மூன்று வகை உணரிகள் பெரிதும் பயன்படுகின்றன. ஒவ்வொன்றிற்கும் தனித்தனிக் குறைபாடு உண்டு.

* ஒளிப்படக் கருவி நிறம், எழுத்து, சைகை விளக்கு ஆகியவற்றைக் காணும். இருளிலும், எதிர்வெயிலிலும் தடுமாறும். தொலைவை நேரடியாக அளக்காது.
* ராடார் வானொலி அலைகளைக் கொண்டு தொலைவையும் வேகத்தையும் அளக்கும். மழை, மூடுபனி ஆகியவற்றை ஊடுருவும். பொருளின் வடிவத்தைத் தெளிவாகக் காட்டாது. பாலங்கள், வழிகாட்டிப் பலகைகள் போன்றவற்றால் எழும் பொய் எச்சரிக்கைகளைத் தவிர்க்க, அசையாப் பொருள்களின் எதிரொலிகள் பல அமைப்புக்களில் வடிகட்டப்படுகின்றன.
* லைடார் சீரொளித் துடிப்புக்கள் திரும்பிவர ஆகும் நேரத்தைக் கொண்டு முப்பரிமாண வரைபடத்தை உருவாக்கும். கடும் மழையிலும் பனிப்பொழிவிலும் ஒளி சிதறுவதால் இதன் துல்லியம் குறையும்.

ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் என்பதால் வேமோ போன்ற நிறுவனங்கள் மூன்றையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. டெஸ்லா 2021 மே மாதம் முதல் வட அமெரிக்காவில் தன் சில வகை வண்டிகளில் ராடாரை நீக்கி, ஒளிப்படக் கருவிகளை மட்டும் சார்ந்திருக்கத் தொடங்கியது. இவ்விரு அணுகுமுறைகளில் எது சிறந்தது என்பது பொறியாளர்களிடையே விவாதத்திற்கு உரியதாக உள்ளது.

இனங்காணல் பெரும்பாலும் இயந்திரக் கற்றல் முறையில் நடைபெறுகிறது. நிரலாளர் விதிகளை எழுதுவதற்கு மாறாக, பெருந்தொகையான படங்களைக் கொண்டு மென்பொருள் பயிற்றுவிக்கப்படுகிறது. இதன் முடிவுகள் நிகழ்தகவு சார்ந்தவை. எடுத்துக்காட்டாக, ஓர் அமைப்பு வினாடிக்கு 10 முறை முடிவெடுத்து, அவற்றில் 99.9 விழுக்காடு சரியாக இருப்பதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது எடுக்கும் 36,000 முடிவுகளில் 36 தவறாக இருக்கும். இத்தகைய கணப்பிழைகளைத் திருத்த, ஒரு பொருளை அடுத்தடுத்த கணங்களில் தொடர்ந்து பின்பற்றிப் பார்க்கும் முறை கையாளப்படுகிறது. அந்தத் தொடர்ச்சி அறுபடும்போது நேரக்கூடியதை 2018 ஆம் ஆண்டு அரிசோனா விபத்து காட்டியது.

வரலாறு

1980களில் செருமனியின் மியூனிக் நகரில் உள்ள படைத்துறைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் தலைமையிலான குழு, காட்சியைக் கொண்டு தானே ஓடும் வண்டிகளை உருவாக்கியது. 1995 இல் இக்குழுவின் வண்டி மியூனிக்கிலிருந்து டென்மார்க்கின் ஓடன்சு நகர் வரை சென்று திரும்பும் நெடும்பயணத்தின் பெரும்பகுதியைத் தானே ஓட்டியது. அதே ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக வண்டி ஒன்று பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டியேகோ வரை சென்றது. அப்பயணத்தில் 98 விழுக்காட்டுத் தொலைவுக்குத் திசைதிருப்பும் பணியைக் கணினி செய்தது. வேகத்தையும் தடுப்பையும் மனிதர் கவனித்தனர்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா 2004 மார்ச் 13 அன்று மொகாவி பாலைவனத்தில் நடத்திய போட்டியில் எந்த வண்டியும் இலக்கை அடையவில்லை. ஏறத்தாழ 240 கி.மீ. பாதையில், மிகுதியாகச் சென்ற வண்டி 12 கி.மீ. தொலைவைக் கூட எட்டவில்லை. அடுத்த ஆண்டில் ஐந்து வண்டிகள் பாதையை முடித்தன. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் வண்டி முதலிடம் பெற்றது. 2007 இல் நகர்ப்புறச் சூழலைப் போன்று அமைக்கப்பட்ட தளத்தில் நடைபெற்ற போட்டியில் கார்னகி மெலன் வண்டி வென்றது. இப்போட்டிகளில் பங்கேற்றோர் சிலரைக் கொண்டு கூகிள் 2009 இல் தன் திட்டத்தைத் தொடங்கியது. அது 2016 இல் வேமோ என்னும் தனி நிறுவனமாயிற்று. 2020 அக்டோபரில் பீனிக்ஸ் நகர்ப் பகுதியில் ஓட்டுநர் இல்லாத வாடகை வண்டிச் சேவையை அது பொதுமக்களுக்குத் திறந்தது. சீனாவில் 2022 ஆகஸ்டில் ஊகான், சோங்கிங் ஆகிய நகரங்களில் பைடு நிறுவனத்திற்கு இத்தகைய இசைவு வழங்கப்பட்டது.

பாதுகாப்பை அளத்தல்

94 விழுக்காடு என்னும் எண்

விபத்துக்களில் 94 விழுக்காடு மனிதத் தவறால் நேர்கின்றன, எனவே மனிதரை நீக்கினால் அவை அனைத்தும் மறையும் என்ற வாதம் அடிக்கடி கூறப்படுகிறது. இந்த எண் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2015 இல் வெளியிட்ட குறிப்பிலிருந்து எடுக்கப்பட்டது. விபத்துக்கு முந்தைய நிகழ்வுத் தொடரில் கடைசியாக அமைந்த காரணியையே அக்குறிப்பு கணக்கில் கொண்டது. அதனை விபத்தின் முழுக் காரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் அக்குறிப்பிலேயே கூறப்பட்டிருந்தது. சாலை அமைப்பு, வெளிச்சம், வண்டியின் வடிவமைப்பு போன்றவையும் விபத்தில் பங்கு பெறுகின்றன.

நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2020 இல் வெளியிட்ட ஆய்வு, தானியங்கித் தானுந்துகள் கவனக்குறைவு, மயக்கநிலை போன்றவற்றால் நேரும் விபத்துக்களை மட்டும் தவிர்த்தால், மூன்றில் ஒரு பங்கு விபத்துக்களே குறையும் எனக் கண்டது. எஞ்சியவை பெரும்பாலும் மிகுவேகம், பிறர் செயலைத் தவறாகக் கணித்தல் போன்றவற்றால் நேர்பவை. விரைவைக் காட்டிலும் பாதுகாப்பை முன்னிறுத்துமாறு இயந்திரத்தை வடிவமைத்தால்தான் அவற்றையும் குறைக்க இயலும் என்பது அவ்வாய்வின் முடிவு.

தேவையான தொலைவு

மனித ஓட்டுநர்கள் பொதுவாகக் கருதப்படுவதைக் காட்டிலும் நம்பகமானவர்கள். ஐக்கிய அமெரிக்காவில் 2023 இல் 10 கோடி மைல் ஓட்டத்திற்கு 1.26 உயிரிழப்புக்கள் நேர்ந்தன. அதாவது ஏறத்தாழ 12.7 கோடி கி.மீ. தொலைவுக்கு ஓர் உயிரிழப்பு. ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓட்டும் ஒருவர் அத்தொலைவைக் கடக்க 6,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இவ்வளவு அரிதாக நிகழும் ஒன்றை, அதனினும் அரிதாக்கிவிட்டதாக மெய்ப்பிப்பது கடினம். ராண்ட் நிறுவனம் 2016 இல் இதனைக் கணக்கிட்டது. உயிரிழப்பு வீதம் அன்றைய மனித வீதமான 10 கோடி மைலுக்கு 1.09 என்பதை விட மிகவில்லை என 95 விழுக்காடு உறுதியுடன் கூற, ஓர் உயிரிழப்பும் இன்றி 27.5 கோடி மைல், அதாவது ஏறத்தாழ 44 கோடி கி.மீ. ஓட்ட வேண்டும். 100 வண்டிகள் மணிக்கு 25 மைல் வேகத்தில் இரவும் பகலும் ஓடினாலும் இதற்குப் பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும். இடையில் மென்பொருள் மாற்றப்பட்டால், பழைய மென்பொருள் ஓடிய தொலைவு புதியதற்கு எந்த அளவு சான்றாகும் என்ற சிக்கலும் உண்டு.

இடையீட்டுக் கணக்கு

கலிபோர்னியா மாநிலத்தின் மோட்டார் வண்டித் துறை, சோதனை ஓட்டத்தில் மனிதர் எத்தனை முறை குறுக்கிட்டுப் பொறுப்பை ஏற்க நேர்ந்தது என்ற கணக்கை நிறுவனங்களிடமிருந்து ஆண்டுதோறும் கேட்டுப் பெற்றது. ஊடகங்கள் இதனைத் தரவரிசையாக வெளியிட்டன. ஆயினும் எளிதான சாலைகளில் ஓடும் வண்டிக்குக் குறுக்கீடு குறைவாகவும், நெரிசலான நகரில் ஓடும் வண்டிக்கு மிகுதியாகவும் இருக்கும். மேலும் குறுக்கீட்டைக் குறைத்துக் காட்டும் நோக்கம், குறுக்கிட வேண்டிய இடத்தில் தயங்கச் செய்யக்கூடும். எனவே இது பாதுகாப்பின் நல்ல அளவுகோல் அன்று எனப் பல வல்லுநர்கள் கருதுகின்றனர்.

வேமோவின் தரவுகள்

ஓட்டுநர் இல்லா ஓட்டத்தில் மிகப் பெரிய தரவுத் தொகுதியை வேமோ வெளியிட்டுள்ளது. 2025 சனவரி வரை ஓடிய 5.67 கோடி மைல் தொலைவை, அதே நகரங்களின் மனித ஓட்டுநர் வீதத்துடன் ஒப்பிட்ட ஆய்வு ஓர் ஆய்விதழில் வெளியானது. கடுங்காயம் அல்லது அதற்கு மேற்பட்ட தீங்கு விளைவித்த விபத்துக்கள் 85 விழுக்காடும், நடந்து செல்வோருக்குக் காயம் ஏற்படுத்திய விபத்துக்கள் 92 விழுக்காடும் குறைவாக இருந்தன என அது கூறியது.

இம்முடிவுகளைப் படிக்கும்போது மூன்று செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலாவதாக, ஆய்வை எழுதியோர் அந்நிறுவனத்தைச் சார்ந்தவர்கள். எனினும் மூலத் தரவுகள் பிறர் சரிபார்க்கும் வகையில் வெளியிடப்பட்டுள்ளன. இரண்டாவதாக, இவ்வண்டிகள் தேர்ந்தெடுத்த நகரங்களில், பெரும்பாலும் பனிப்பொழிவு அற்ற தட்பவெப்பத்தில் ஓடியவை. மூன்றாவதாக, காயங்களைப் பற்றிய முடிவு வலுவானது. உயிரிழப்பைப் பற்றி அதே உறுதியுடன் கூற மேற்கண்ட ராண்ட் கணக்கின்படி இன்னும் நெடுந்தொலைவு ஓட வேண்டியிருந்தது.

குறிப்பிடத்தக்க விபத்துக்கள்

வில்லிஸ்டன், 2016

2016 மே 7 அன்று புளோரிடா மாநிலத்தின் வில்லிஸ்டன் அருகே, ஆட்டோபைலட் இயக்கத்தில் இருந்த டெஸ்லா வண்டி, குறுக்கே திரும்பிய சரக்குந்தின் இழுவைப் பெட்டிக்கு அடியில் புகுந்தது. வண்டியை ஓட்டியவர் உயிரிழந்தார். குறுக்கே வரும் போக்குவரத்து உள்ள சாலைக்கென அந்த அமைப்பு வடிவமைக்கப்படவில்லை. ஆயினும் அங்கு அதனை இயக்குவதை வண்டி தடுக்கவில்லை. ஓட்டுநர் அளவு மீறிச் சார்ந்திருந்ததையும், அவ்வாறு நெடுநேரம் கவனமின்றி இருக்க இடமளித்த வடிவமைப்பையும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சுட்டிக்காட்டியது. 2019 மார்ச்சில் அதே மாநிலத்தின் டெல்ரே பீச் என்னும் இடத்தில் ஏறத்தாழ இதே முறையில் மற்றொரு டெஸ்லா ஓட்டுநர் உயிரிழந்தார். 2023 டிசம்பரில், ஓட்டுநரின் கவனத்தை உறுதிப்படுத்தும் முறை போதாது என்பதற்காக, 20 லட்சத்திற்கும் மேற்பட்ட டெஸ்லா வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் அறிவிக்கப்பட்டது.

டெம்பி, 2018

2018 மார்ச் 18 இரவு அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தின் சோதனை வண்டி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 அகவைப் பெண்மணி மீது மோதியது. அவர் உயிரிழந்தார். தானியங்கித் தானுந்தால் நடந்து செல்பவர் ஒருவர் உயிரிழந்த முதல் நிகழ்வாக இது பதிவாகியுள்ளது.

வாரியத்தின் விசாரணை பின்வருவனவற்றை வெளிப்படுத்தியது.

* மோதலுக்கு 5.6 வினாடிகள் முன்பே உணரிகள் அவரைக் கண்டுவிட்டன.
* மென்பொருள் அவரை வண்டி, இனம் தெரியாப் பொருள், மிதிவண்டி என மாறிமாறி வகைப்படுத்தியது. வகை மாறும் ஒவ்வொரு முறையும், அதுவரை அவர் நகர்ந்த தடத்தை மென்பொருள் கைவிட்டது. எனவே அவர் வண்டியின் பாதைக்குள் வருகிறார் என்பது கணிக்கப்படவில்லை.
* கடவுக்கோடு இல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதே மென்பொருளின் வடிவமைப்பில் இடம்பெறவில்லை.
* பொய் எச்சரிக்கையால் வண்டி திடீரென நிற்பதைத் தவிர்க்க, இடரை உணர்ந்த பின்னும் ஒரு வினாடி செயலை நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்தது.
* தயாரிப்பாளரான வால்வோ வண்டியில் அமைத்திருந்த அவசரத் தடுப்பு, கணினி ஓட்டும்போது இயங்காதவாறு முடக்கப்பட்டிருந்தது.
* முன்பு இருவர் இருந்த இடத்தில் ஒரே கண்காணிப்பாளர் அமர்த்தப்பட்டிருந்தார். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி அப்போது மணிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. வேகத்தில் சென்றது. அந்த வேகத்தில் 5.6 வினாடிகளில் 110 மீட்டர் அளவு கடக்கப்படும். உலர்ந்த சாலையில் முழுமையாகத் தடுப்பை அழுத்தினால் நிற்பதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கும் தேவைப்படாது. உணரிகள் தம் பணியைச் செய்தன. கண்டதை என்ன செய்வது என்ற முடிவிலேயே குறை இருந்தது.

கண்காணிப்பாளரின் கவனமின்மையை உடனடிக் காரணமாகக் கூறிய வாரியம், நிறுவனத்தின் போதிய பாதுகாப்புப் பண்பாடு இன்மையையும், மாநிலத்தின் போதிய மேற்பார்வை இன்மையையும் துணைக் காரணங்களாகக் குறிப்பிட்டது. நிறுவனத்தின் மீது குற்ற வழக்கு தொடரப்படவில்லை. கண்காணிப்பாளர் 2023 சூலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார்.

சான் பிரான்சிஸ்கோ, 2023

2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் மனிதர் ஓட்டிய வண்டி ஒன்று நடந்து சென்ற பெண்மணி மீது மோதி, அவரை அருகில் வந்த குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லா வண்டியின் முன் எறிந்தது. குரூஸ் வண்டி அவர் மீது மோதி நின்றது. பின்னர், பக்கவாட்டு மோதல் நேர்ந்ததாகத் தவறாகக் கணித்து, விதித்தவாறு சாலையோரமாக ஒதுங்க முற்பட்டது. வண்டிக்கு அடியில் இருந்த அவர் ஏறத்தாழ 6 மீட்டர் இழுத்துச் செல்லப்பட்டுக் கடுங்காயம் அடைந்தார். ஓரமாக ஒதுங்குவது பாதுகாப்பான நிலை என்ற பொதுவிதி, அந்த ஒரு சூழலில் தீங்காக மாறியது.

அதன் பின் நடந்தது விபத்தைப் போன்றே பேசப்பட்டது. இழுத்துச் செல்லப்பட்ட பகுதியை நிறுவனம் முழுமையாகத் தெரிவிக்கவில்லை எனக் கூறி, மாநில மோட்டார் வண்டித் துறை அக்டோபர் 24 அன்று ஓட்டுநர் இல்லா ஓட்டத்திற்கான இசைவை நிறுத்திவைத்தது. நிறுவனம் 950 வண்டிகளின் மென்பொருளைத் திருத்தியது. விசாரணையைப் பாதிக்கும் வகையில் பொய் அறிக்கை தந்ததை 2024 நவம்பரில் ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் தண்டத்தொகை செலுத்தியது. 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வாடகை வண்டித் திட்டத்திற்கு நிதி அளிப்பதை நிறுத்தியது.

பொதுப் பழுது

மனித ஓட்டுநர் ஒருவர் செய்யும் தவறு அவரோடு நின்றுவிடும். ஒரே மென்பொருளில் ஓடும் வண்டிகள் ஒரே தவறை ஒரே நேரத்தில் செய்யக்கூடும். 2023 டிசம்பர் 11 அன்று பீனிக்ஸ் நகரில், பின்புறமாகக் கோணலாக இழுத்துச் செல்லப்பட்ட ஒரு சிறு சரக்குந்து மீது வேமோ வண்டி ஒன்று மோதியது. சில நிமிடங்களில் மற்றொரு வேமோ வண்டியும் அதே சரக்குந்து மீது மோதியது. சரக்குந்து நோக்கிய திசையும் நகரும் திசையும் வேறுபட்டதால் அதன் போக்கை மென்பொருள் தவறாகக் கணித்திருந்தது. எவருக்கும் காயம் இல்லை. 444 வண்டிகளில் மென்பொருள் மாற்றப்பட்டது.

2025 டிசம்பர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோவின் பல பகுதிகளில் மின்சாரம் தடைப்பட்டுச் சைகை விளக்குகள் அணைந்தபோது, வேமோ வண்டிகள் பல சந்திப்புக்களில் நின்றுவிட்டன. நின்ற வண்டி எவரையும் மோதவில்லை என்ற பொருளில் அது பாதுகாப்பானது. ஆனால் பேரிடர் வேளையில் தீயணைப்பு வண்டியின் வழியை மறித்து நிற்கும் வண்டி வேறு வகையில் தீங்கு விளைவிக்கக்கூடும். ஓட்டுநர் இல்லா வண்டிகள் இவ்வாறு இடையூறாவதைச் சான் பிரான்சிஸ்கோ தீயணைப்புத் துறை 2023 இலேயே முறையிட்டிருந்தது.

பொதுப் பழுதுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒரு வண்டி கற்ற பாடத்தை ஒரே இரவில் அனைத்து வண்டிகளுக்கும் கற்பிக்க இயலும். மனித ஓட்டுநர்களிடையே இது இயலாது.

மனிதரும் இயந்திரமும்

இயந்திரம் தவறும்போது மனிதர் காத்துக்கொள்வார் என்பது இரண்டாம், மூன்றாம் படிநிலைகளின் அடிப்படை. இதன் வலுவின்மை தானியங்கித் தானுந்துகளுக்கு நெடுங்காலம் முன்பே அறியப்பட்டது. பிரித்தானிய உளவியலாளர் நார்மன் மக்வொர்த் 1948 இல் வெளியிட்ட ஆய்வில், அரிதாகத் தோன்றும் குறியீட்டைக் கண்காணிப்போரின் திறன் அரை மணி நேரத்திற்குள்ளேயே குறைவதைக் காட்டினார். லிசான் பெயின்பிரிட்ஜ் 1983 இல், தானியக்கம் எளிய பணிகளை எடுத்துக்கொண்டு கடினமான தருணங்களை மட்டும் மனிதரிடம் விடுகிறது என்றும், பழக்கம் குறைவதால் அத்தருணங்களைக் கையாளும் திறனும் மனிதரிடம் தேய்கிறது என்றும் விளக்கினார்.

இதன்படி, நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறும் அமைப்பைக் காட்டிலும், பல்லாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறும் அமைப்பே கண்காணிப்பவருக்குக் கூடுதல் இடராகக்கூடும். முதலாவதை ஓட்டுநர் நம்ப மாட்டார். இரண்டாவதை நம்பி அயர்ந்துவிடுவார். நம்பகத்தன்மை உயர்வது எப்போதும் பாதுகாப்பை உயர்த்தாது என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு ஆகும்.

சட்டமும் பொறுப்பும்

* ஐக்கிய அமெரிக்கா: வண்டியின் தரத்தை நடுவண் அரசும், ஓட்டுநர் உரிமத்தை மாநிலங்களும் கவனிப்பது வழக்கம். வண்டியே ஓட்டுநர் ஆகும்போது இப்பிரிவினை குழப்பத்திற்கு உள்ளாகிறது. 2021 சூன் மாதம் முதல் தானியங்கி வண்டிகளின் விபத்துக்களை அறிவிப்பது நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. கலிபோர்னியாவில் ஓட்டுநர் இல்லா வண்டி போக்குவரத்து விதியை மீறினால் எவருக்கும் குற்றச்சீட்டு வழங்க இயலாதிருந்தது. நிறுவனத்திற்கே விதிமீறல் அறிவிப்பு வழங்க இடமளிக்கும் சட்டம், 2026 சூலை முதல் நடைமுறைக்கு வருமாறு, 2024 இல் இயற்றப்பட்டது.
* செருமனி: வரையறுத்த பகுதிகளில் நான்காம் படிநிலை வண்டிகளை அனுமதிக்கும் சட்டம் 2021 இல் இயற்றப்பட்டது. தொலைவிலிருந்து வண்டியை நிறுத்தவல்ல மேற்பார்வையாளர் ஒருவர் இருத்தல் வேண்டும் என அது விதிக்கிறது.
* ஐக்கிய இராச்சியம்: 2024 இல் இயற்றப்பட்ட சட்டம், கவனமும் திறமையும் கொண்ட மனித ஓட்டுநருக்கு இணையான பாதுகாப்பை அளவுகோலாக வைக்கிறது. வண்டி தானே ஓடும்போது அது ஓடும் முறைக்கான பொறுப்பு பயணியிடமிருந்து இசைவு பெற்ற நிறுவனத்திற்கு மாறுகிறது.

இங்கு சராசரி ஓட்டுநர் என்பதும் கவனமான ஓட்டுநர் என்பதும் ஒன்றல்ல என்பதை நோக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுபவரும் உறக்கத்தில் ஓட்டுபவரும் சராசரிக்குள் அடங்குவர். சராசரியை வெல்லும் வண்டி, கவனமான ஓட்டுநரை வெல்ல வேண்டும் என்பது இல்லை.

ஆதரவும் விமர்சனமும்

முழுமையான பாதுகாப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பது, அதற்கிடையில் மனித ஓட்டுநர்களால் நேரும் உயிரிழப்புக்களை ஏற்பதாகும் என ஆதரவாளர்கள் கூறுகின்றனர். மனிதரை விடச் சற்றே மேம்பட்ட நிலையிலேயே இவ்வண்டிகளை அனுமதிப்பது நெடுங்காலத்தில் மிகுதியான உயிர்களைக் காக்கும் என்பது அவர்கள் வாதம். கண்பார்வை அற்றோரும் முதியோரும் பிறர் துணையின்றிப் பயணிக்க இவை வழிசெய்யும் என்பதும் சுட்டப்படுகிறது.

மொத்த எண்ணிக்கை குறைந்தாலும், தீங்கு எவர் மீது விழுகிறது என்பது மாறக்கூடும் என்பது விமர்சகர்கள் கருத்து. ஒரு நிறுவனத்தின் பயணிகளுக்குப் பயன் கிட்டி, நடந்து செல்வோருக்குப் புதிய இடர் தோன்றுமாயின், அதைச் சராசரி எண் மறைத்துவிடும். பாதுகாப்புச் சான்றுகளின் பெரும்பகுதி நிறுவனங்களிடமே இருப்பதும் குறையாகக் கூறப்படுகிறது. வானூர்தி விபத்துக்களில் தற்சார்பான விசாரணை, திறந்த அறிக்கை, அனைத்து நிறுவனங்களும் பாடம் கற்றல் என்ற மரபு பல பத்தாண்டுகளில் உருவானது. சாலையில் அத்தகைய மரபு இன்னும் முழுமையாக வேரூன்றவில்லை. டெம்பி விபத்தின் காரணங்கள் இன்று இவ்வளவு விரிவாக அறியப்படுவதற்கு அங்கே தற்சார்பான விசாரணை நடைபெற்றதே காரணம் ஆகும்.

இவற்றையும் பார்க்க

* செயற்கை அறிவாண்மை
* இயந்திரக் கற்றல்
* ராடார்
* சாலைப் பாதுகாப்பு
* மனிதக் காரணிப் பொறியியல்